சாப்பிட்டுக்கொண்டே சுற்றும் ஊர்: பாலெர்மோவில் ஒரு சனி, ஞாயிறு

இத்தாலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரோமையும் வெனிஸையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். பூட்ஸ் போட்ட கால் ஒன்று பந்தை உதைப்பது போல் இருக்கும் அந்த நாட்டின் வரைபடம். அந்தப் பந்துதான் ஸிஸிலி. மத்திய தரைக் கடலில் உள்ள தீவுகளிலேயே பெரியது. அதன் தலைநகர் பாலெர்மோ. ஆறு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வசிக்கும் துறைமுகப் பட்டினம்.

அரண்மனைகளும் ஆலயங்களும் இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் வந்து இறங்கி ஞாயிறு இரவு புறப்படுகிற பிரயாணிக்கு, சாப்பிட்டுக்கொண்டே நடப்பதுதான் இந்த ஊரைத் தெரிந்துகொள்ளச் சுருக்கு வழி. அதற்குப் பெரிய பணமும் வேண்டாம். பாலெர்மோவின் பேர் பெற்ற பதார்த்தங்களில் பாதிக்கு மேல் தெருவோரத்தில் நின்றபடி தின்பவை, ஏழைகள் கண்டுபிடித்தவை.

விமான நிலையத்துக்கு ஃபால்கோனே - பொர்ஸெல்லீனோ என்று பெயர். இருவரும் மாஃபியாக் கும்பலைக் கோர்ட்டில் நிறுத்திய நீதித்துறை அதிகாரிகள். 1992 மே 23ஆம் தேதி இதே நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் சாலையில், கபாச்சி என்ற இடத்தில், பூமிக்கடியில் வெடி வைத்து ஃபால்கோனேயையும், அவர் மனைவியையும், காவலர் மூவரையும் கொன்றார்கள். ஐம்பத்தேழு நாள் கழித்து பொர்ஸெல்லீனோவும் கொல்லப்பட்டார். அந்த இடத்தைக் கடக்கும்போது சாலையின் இரு புறமும் நினைவுத் தூண்கள் தெரியும். சாப்பாட்டைப் பற்றிய பேச்சில் இது எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு; பின்னால் வரும்.

பல்லாரோ சந்தை

சனிக்கிழமை காலை முதலில் போக வேண்டிய இடம் பல்லாரோ. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். குறுகலான தெருக்கள், தலைக்கு மேல் சிவப்புத் துணிப் பந்தல், இரு பக்கமும் காய்கறி, மீன், ஆலிவ் காய், பாலாடைக் கட்டி. வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவி விற்கிறார்கள். இந்தக் கூவலுக்கு அவர்கள் பாஷையில் தனிப் பெயரே உண்டு: 'அப்பன்னியாத்தா'. ஒருவர் நிறுத்தினால் எதிர்க் கடைக்காரர் தொடங்குவார். மும்பை தாதர் மார்க்கெட்டையோ, பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டையோ பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இரைச்சல் அன்னியமாக இராது.

பல்லாரோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் பண்டிதர்களிடையே ஒற்றுமை இல்லை. பக்கத்திலிருந்த பல்ஹாரா என்ற கிராமத்து வியாபாரிகள் இங்கே கடை போட்டார்கள், அதனால் வந்தது என்பது ஒரு கட்சி. மற்றொரு கட்சி சொல்வது நமக்கு ருசியானது. அராபியப் பிரயாணிகள் தக்காணத்து ராஷ்டிரகூட மன்னர்களைக் குறிப்பிட்ட பட்டப் பெயர் 'பல்ஹாரா'. வல்லபராஜா என்ற சொல்லின் திரிபு அது. அந்த மன்னரின் தேசத்திலிருந்து வந்த மிளகும் வாசனைச் சரக்கும் விற்ற இடமாதலால் சந்தைக்கு அந்தப் பெயர் என்கிறார்கள் இவர்கள். ராஷ்டிரகூடரின் தலைநகரான மான்யகேடம் இன்றைய கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் இருக்கிறது. இந்தக் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் நிரூபணம் கிடையாது.

நிரூபணம் வேண்டாத உறவு ஒன்று காய்கறிக் கடையில் இருக்கிறது. கோடைக் காலத்தில் கை நீளத்துக்கு, சில சமயம் ஆள் இடுப்பளவுக்கு, வெளிர்ப் பச்சை நிறத்தில் ஒரு காய் அடுக்கி வைத்திருப்பார்கள். 'குகுத்ஸா' என்பார்கள். நம் சுரைக்காய்தான் அது, சந்தேகமே வேண்டாம். காயை விட அதன் கொழுந்துக்குத்தான் அங்கே மவுசு. கொடியின் இளந்தளிரையும் இலையையும் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். 'தெனெரூமி' என்று பெயர். தக்காளி, பூண்டு சேர்த்து, உடைத்த சேமியா போட்டுக் கஞ்சி பதத்தில் சமைப்பார்கள். வெயில் கொளுத்தும் ஆகஸ்டில் இதைத்தான் குடித்துக் குளிர்ச்சி அடைகிறார்கள். சுரைக் கொழுந்தை நம்மில் எத்தனை வீட்டில் சமைக்கிறோம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

கடலைமாவுப் பலகாரம்

பசி எடுத்ததும் கடலைமாவுக்கு வர வேண்டியதுதான். பாலெர்மோவின் தேசியப் பலகாரம் 'பனெல்லே'. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் கொத்துமல்லி போன்ற ஒரு தழையும் சேர்த்து, அடுப்பில் வைத்துக் கிளறுகிறார்கள். கேப்பைக் களி கிண்டுவது போலவேதான். கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். வெந்ததும் பலகையில் மெல்லியதாகத் தடவி, ஆறவிட்டு, வில்லை போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். எள் தூவிய ரொட்டியைப் பிளந்து உள்ளே நாலைந்து வில்லையை வைத்து, எலுமிச்சம் பழம் பிழிந்து, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று யூரோவில் ஒரு வேளை சாப்பாடு முடிந்தது. பஜ்ஜிக்குள் வாழைக்காய் இல்லாமல் வெறும் மாவு மட்டும் இருந்தால் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளலாம். காரம் மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. கூடவே உருளைக்கிழங்கு மசியலை விரல் போல் உருட்டிப் பொரித்ததும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் இந்த ஊரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இவ்வளவு விவரம்.

இந்தச் சமையலில் அராபியர் கை நிறைய இருக்கிறது. 831ல் பாலெர்மோவைப் பிடித்த அராபியர் 1072 வரை ஆண்டார்கள். அரிசி, கரும்பு, எலுமிச்சை, நாரத்தை, கத்தரிக்காய் எல்லாம் அவர்கள் கொண்டு வந்து பயிரிட்டவை. பத்தாம் நூற்றாண்டில் இங்கே வந்த இப்னு ஹௌகல் என்ற அராபியப் பிரயாணி, ஊரின் கடைவீதிகளை வியந்து எழுதினாலும் ஒரு குறை சொல்லிவிட்டுப் போனார்: இந்த ஊர்க்காரர்கள் பச்சை வெங்காயத்தை அளவில்லாமல் தின்கிறார்கள், அதனால் மூளை மழுங்கிப் போயிருக்கிறது என்று! வெங்காயப் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. பழுக்க வதக்கிய வெங்காயம், தக்காளி, நெத்திலி போன்ற சிறு மீன், ரொட்டித் தூள் எல்லாம் மேலே பரப்பிச் சுட்ட கனமான ரொட்டி ஒன்று உண்டு. 'ஸ்ஃபின்ச்சோனே' என்று பெயர். அதை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகக் கூவி விற்கும் மூன்று சக்கர வண்டியைப் பார்த்தால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். நம்மூர் ஆட்டோ ரிக்‌ஷாவின் மூதாதை அது. இத்தாலியின் பியாஜியோ கம்பெனி 1948ல் கொண்டு வந்த 'ஆப்பே' வண்டி. ஆப்பே என்றால் தேனீ.

இன்னொரு சங்கதி. நூடுல்ஸ் வகையைச் சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டு வந்தவர் மார்க்கோ போலோ என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக் கொடுப்பதுண்டு. அவர் சீனாவிலிருந்து வெனிஸுக்குத் திரும்பியது 1295ல். அதற்கு நூற்று நாற்பது வருஷம் முன்னதாகவே, 1154ல், பாலெர்மோ அரசவையிலிருந்த அல் இத்ரீஸி எழுதிய பூகோள நூலில், பக்கத்து ஊரான திராபியாவில் கோதுமை மாவிலிருந்து இழை இழையாகச் செய்து உலர்த்திக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்று வருகிறது. மார்க்கோ போலோ கதையை இனி விட்டுவிடலாம்.

இல்லாதவர்கள் கைவண்ணம்

பணக்காரர்கள் சாப்பிட்டதை ஏழைகள் போலி செய்து, கடைசியில் போலியே நிலைத்துவிட்ட ஊர் இது. பிரபுக்கள் மாளிகையில் பிரெஞ்சுப் பாணிச் சமையற்காரர்கள் இருந்தார்கள். 'முஸ்யே' என்ற பிரெஞ்சு மரியாதைச் சொல் மருவி இவர்களுக்கு 'மோன்ஸு' என்ற பட்டமே வந்துவிட்டது. அத்திப் பழம் தின்று கொழுத்த சிறு குருவிகளைப் பூரணம் வைத்துச் சமைத்துப் போடுவது இவர்கள் வேலை. குருவி வாங்க வழியில்லாத வீட்டில் என்ன செய்தார்கள்? மலிவாகக் கிடைத்த மத்தி மீனைப் பிளந்து, ரொட்டித் தூள், உலர்ந்த திராட்சை, பைன் விதை வைத்துச் சுருட்டி, வாலை மட்டும் குருவி வால் போல மேலே தூக்கி நிறுத்தி வேக வைத்தார்கள். பெயரையும் குருவியின் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். பிரபுக்கள் போனார்கள், குருவியும் போயிற்று, மத்தி மீன் இருக்கிறது.

மத்தி மீனுக்கும் வழியில்லாத நாள்களும் இருந்தன. மத்தியும் காட்டுச் சோம்புத் தழையும் போட்டுச் செய்யும் மாவிழை உணவு இந்த ஊரின் பெருமை. மீன் வாங்கக் காசு இல்லாத அன்று தழையை மட்டும் போட்டுச் செய்துவிட்டு, 'மத்தி கடலில் இருக்கும் பாஸ்தா' என்று பெயர் சொல்லிப் பரிமாறுவார்கள். மீன் உண்டு, ஆனால் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். பாலாடைக் கட்டித் துருவலுக்குப் பதில் வறுத்த ரொட்டித் தூள். இன்று பெரிய ஓட்டல்களில் இதே ரொட்டித் தூளுக்கு மரியாதை கூடிவிட்டது.

மாமிசத்திலும் இதே கதைதான். மண்ணீரலையும் நுரையீரலையும் வேக வைத்து, மெல்லிசாக நறுக்கி, கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைத்துத் தருவது பாலெர்மோவின் பழைய சிற்றுண்டி. மத்திய காலத்தில் இங்கிருந்த யூதக் கசாப்புக்காரர்கள் தங்கள் மத ஆசாரப்படி கூலியாகப் பணம் வாங்காமல், வெட்டிய மிருகத்தின் உள்ளுறுப்புகளை எடுத்துக்கொண்டு விற்றதில் தொடங்கியது இது என்கிறார்கள். ஸ்பானிய மன்னரின் ஆணைப்படி 1492ஐ ஒட்டி யூதர்கள் தீவிலிருந்து விரட்டப்பட்டார்கள். சிற்றுண்டி தங்கிவிட்டது. எலுமிச்சை மட்டும் பிழிந்து கொடுத்தால் அது 'பிரம்மசாரி'. பாலாடைக் கட்டியும் சேர்ந்தால் 'கல்யாணமானது'. வாங்குகிறவர் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அரிசி உருண்டையைச் சொல்லாமல் விட்டால் பாலெர்மோக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். குங்குமப்பூச் சேர்த்த சோற்றை ஆரஞ்சுப் பழ அளவில் உருட்டி, உள்ளே கறியும் பட்டாணியும் வைத்துப் பொரித்தது 'அரஞ்சீனா'. தீவின் கிழக்குக் கோடியில் உள்ள கட்டானியா நகரில் இதையே ஆண்பாலில் 'அரஞ்சீனோ' என்பார்கள், வடிவம் கூம்பு. பாலெர்மோவில் பெண்பால், உருண்டை. இதற்காக இரண்டு ஊருக்கும் தீராத வழக்கு. டிசம்பர் 13, புனித லூசியா நாளில் பாலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொடுவதில்லை. அன்று அரஞ்சீனாவும், முழுக் கோதுமையை வேக வைத்து இனிப்புப் பாலாடை சேர்த்த 'குச்சியா'வும்தான். 1646ல் பஞ்சத்தில் ஊர் வாடியபோது கோதுமைக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்ததாம். மாவரைக்கக்கூடப் பொறுக்காமல் அப்படியே வேக வைத்துத் தின்றார்களாம். அதன் ஞாபகம் என்பது ஊரார் சொல்லும் கதை.

மாமூல்

இப்படி நாலு காசுக்கு விற்கும் கடைகளிடமும் மாஃபியா மாமூல் வாங்கியது. அங்கே அதற்குப் பெயர் 'பிட்ஸோ'. பறவையின் அலகு என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 'என் அலகையும் கொஞ்சம் நனைத்துக்கொள்ள விடு' என்று கேட்பது போல. கொடுக்காவிட்டால் கடை எரியும். ரொட்டி விலையில் ஒரு பங்கு கும்பலுக்குப் போனது. அதாவது ரொட்டி வாங்கித் தின்றவரும் கொடுத்தார்.

1991 ஜனவரியில் லிபெரோ கிராஸ்ஸி என்ற பாலெர்மோத் தொழிலதிபர், மாமூல் தர மாட்டேன் என்று தம்மை மிரட்டியவருக்கே கடிதமாக எழுதி, உள்ளூர்ப் பத்திரிகையில் பகிரங்கமாக வெளியிட்டார். சக முதலாளிகள் துணை நிற்கவில்லை. அதே வருஷம் ஆகஸ்டு 29ஆம் தேதி காலை வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து, 2004 கோடையில், ஒரு நாள் காலை ஊர் முழுக்கச் சுவர்களில் சிறு சீட்டுகள் ஒட்டியிருந்தன. மாமூல் கொடுக்கும் ஜனங்களுக்கு மானம் இல்லை என்ற பொருளில் வாசகம். ஒட்டியவர்கள் சில இளைஞர்கள். அதிலிருந்து 'அத்தியோபிட்ஸோ' என்ற இயக்கம் பிறந்தது. மாமூல் தராத கடைகளின் பட்டியல் போட்டு, அங்கேயே சாமான் வாங்குங்கள் என்று ஜனங்களிடம் கேட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கடைகளின் கதவில் இன்றும் அந்த அடையாளச் சீட்டைப் பார்க்கலாம். 1834லிருந்து மண்ணீரல் ரொட்டி விற்றுவரும் ஒரு பழைய சாப்பாட்டுக் கடையின் உரிமையாளர், மாமூல் கேட்டவர்களைக் கோர்ட்டில் நேருக்கு நேர் கை நீட்டி அடையாளம் காட்டினார்.

இதைவிடத் துணிச்சலான காரியம் பல்லாரோவை ஒட்டிய தெருக்களில் நடந்தது. இங்கே சிறு கடை வைத்திருப்பவர்களில் வங்காளதேசத்தவர் அதிகம். பாஷை சரியாக வராத அன்னியர்கள்தானே என்று அவர்களை வருஷக்கணக்காக மிரட்டிப் பணம் பறித்து வந்தார்கள். 2016 ஏப்ரலில் ஆப்பிரிக்க இளைஞர் ஒருவரைப் பட்டப்பகலில் தலையில் சுட்டதும் பொறுமை போயிற்று. இளைஞர் பிழைத்துக்கொண்டார். கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்து போலீஸில் வாக்குமூலம் கொடுத்தார்கள். மே மாதம் பத்துப் பேர் கைதானார்கள். உள்ளூர்க்காரர்களே வாய் திறக்க அஞ்சிய இடத்தில், பிழைக்க வந்தவர்கள் பெயர் சொல்லிச் சாட்சி கூறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு பாலெர்மோவில் இனிப்புக் கடைகளின் நாள். பூசை முடிந்து வருகிறவர்கள் ஒரு தட்டுப் பட்சணத்தைக் காகிதத்தில் சுற்றி, நாடா கட்டி, கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம்மூரில் கஸாட்டா என்றால் அடுக்கு ஐஸ்கிரீம். ஸிஸிலியின் அசல் கஸ்ஸாத்தா ஐஸ்கிரீமே அல்ல. பஞ்சு போன்ற கேக், இனிப்புப் பாலாடை, மேலே பாதாம் விழுது, சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள். ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாத தித்திப்பு. மத்தியானம் வீட்டில் வளையம் வளையமான பாஸ்தாவைக் கறிக் குழம்போடு தட்டில் அழுத்திச் சுட்டதுதான் விருந்து. அந்த நேரத்தில் தெருவில் ஆளரவம் இராது. பிரயாணியும் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுவது நல்லது.

ஊரின் வடக்கே கடலை ஒட்டி அறுநூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது பெல்லெக்ரீனோ மலை. 1624ல் கொள்ளை நோய் ஊரை வாரிக்கொண்டு போனபோது, இம்மலைக் குகையில் கிடைத்த புனித ரொஸாலியாவின் எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றதும் நோய் தணிந்தது என்பது நம்பிக்கை. அன்று முதல் அவளே ஊருக்குக் காவல் தெய்வம். குகைக்குள்ளேயே கோயில், பாறையில் கசியும் நீரைத் தகரத் தகடுகள் தாங்கி ஓரமாக வழிய விடுகின்றன.

இந்த மலைப் பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பேச்சு கேட்கும். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர் பலர் பாலெர்மோவில் குடியேறினார்கள். பெரும்பாலோருக்கு வீட்டு வேலை. வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, துடைப்பது, துவைப்பது. ஞாயிறும், வார நாளில் ஒரு பிற்பகலும்தான் ஓய்வு. அந்த ஞாயிற்றில் கிறிஸ்தவர் மட்டுமல்ல, இந்துக்களும் மலையேறி ரொஸாலியா முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். குன்று இருக்கும் இடத்தில் கோயிலும் இருக்கிறது. ஏறுவதற்கு அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை போலும். பாலெர்மோவின் பல வீடுகளில் சுரைக் கொழுந்தையும் கத்தரிக்காயையும் தினமும் சமைப்பது இவர்கள் கைதான். அந்த வீட்டுக் கிழவியிடம் கற்றுக்கொண்டதை, கிழவியே மறந்துபோன பிறகும் செய்துகொண்டிருக்கிறவர்கள் உண்டு. தங்கள் சமையலுக்கு அரிசியும் பருப்பும் மசாலாவும் பல்லாரோப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கின்றன.

பழைய பாலெர்மோ வேகமாக மாறி வருகிறது. 1974ல் ரெனாத்தோ குத்தூஸோ தீட்டிய பிரமாண்டமான ஓவியம் ஒன்று இங்கே இருக்கிறது. வுச்சிரியா சந்தையின் மீனும் முட்டையும் தொங்கும் மாட்டிறைச்சியும் மனித நெரிசலும் அதில். ஓவியம் பத்திரமாக இருக்கிறது, சந்தைதான் தேய்ந்துவிட்டது. பகலில் நாலைந்து கடை, இரவில் குடிக்க வரும் கூட்டம். 2015ல் ஊரின் அராபிய-நார்மன் கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு டூரிஸ்டுகள் பெருகினார்கள். வீடுகள் நாள் வாடகை விடுதிகளாகின்றன. குடியிருப்பவர்களுக்கு வாடகை ஏறுகிறது. பல்லாரோவிலும் காய்கறி விற்ற சில கடைகளில் இப்போது டூரிஸ்டுக்கு மீன் பொரித்துப் பிளாஸ்டிக் தட்டில் தருகிறார்கள். போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம்: உள்ளூர்க் கிழவிகள் பையோடு நிற்கும் கடையாகப் பார்த்து நிற்பது. ருசியும் அங்கேதான், விலையும் நியாயம்.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை 14ஐ ஒட்டி ரொஸாலியாத் திருவிழா. கூட்டமும் வெயிலும் பொறுக்க முடிந்தால் அப்போது போகலாம். தெருவெல்லாம் நத்தையும் தர்பூசணியும் வேக வைத்த மக்காச்சோளமும் விற்கும். ஞாயிறு இரவு நேப்பிள்ஸுக்குக் கப்பல் உண்டு. விடியும்போது அங்கே இருக்கலாம். ஏறுமுன் வறுத்த கொண்டைக்கடலையும் பூசணி விதையும் கலந்த பொட்டலம் ஒன்று வாங்கிக்கொள்வது வழக்கம். கொறிக்க ஆரம்பித்தால் பாதி ராத்திரி வரை வரும்.